நான் கிழிக்கச் சொன்ன பட்டியல்

பட்டா மாறுதல் எப்படிச் செய்வது, வெள்ளச் சேதத்தை எப்படி மதிப்பிடுவது என்றெல்லாம் வருவாய்த்துறையில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. நல்ல தூக்கமும் வரும். நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் துணை தாசில்தார் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அவர் ஊரில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் போரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய வாய்ச்சண்டை, பஸ் ஸ்டாண்டில் கைகலப்பாக முடிந்திருக்கிறது. "பிரச்சினை இல்ல மேடம், சமாதானக் கூட்டத்துக்கு ரெண்டு தரப்பையும் வரச் சொல்லிட்டேன்" என்றார் உற்சாகமாக. "எந்த ரெண்டு தரப்பு?" என்று கேட்டேன். "வழக்கமா கூப்பிடுற அதே ரெண்டு தரப்புதான் மேடம்" என்றார் தம்பி.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எனக்கு இதே நிலை வந்த அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க யாருமில்லை. இல்லை, இருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக: வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவள். கோபக்காரி என்று எனக்குப் பெயர். அதில் பொய் அதிகம் இல்லை. இத்தனை வருட சர்வீசில் என் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு தண்டனைதான் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கா ஈராக்குக்குள் படையோடு நுழைந்த வருடம் நான் நம் மாவட்டத்தின் மேற்கே ஒரு தாலுகாவில் தாசில்தார். அதில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம்; அங்கிருப்பவர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் நின்று பேசுகிறவர்கள். ஊரின் ஒரு பாதியில் பள்ளிவாசலைச் சுற்றி வியாபாரக் குடும்பங்கள். மறுபாதியில் மாதா கோயிலைச் சுற்றி மீன்பிடிக் குடும்பங்கள். இரண்டு பாதியிலும் வீட்டுக்கு ஒருவராவது கல்ஃபில். டெல்லியில் இருப்பவர்களுக்கு அந்தப் போர் வெளிநாட்டுச் செய்தி. இந்த ஊருக்கு அது மகன் படுத்துறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடக்கிற சண்டை.

போர் தொடங்கிய வாரத்தில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. கடையடைப்பு நடந்தது, ஜங்ஷனில் கண்டனக் கூட்டம் போட்டார்கள். ஜமாஅத் தலைவர் பேசினார். பங்குத்தந்தையும் அதே மேடையில் ஏறி, இந்தப் போர் பாவம் என்று அவரைவிடக் காரமாகப் பேசினார். நான் ஜீப்பில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு ஒற்றுமையான ஊரை என் தாலுகாவில் வைத்திருக்கிறேனே என்று பெருமையாகக்கூட இருந்தது.

போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகுதான் வினையே தொடங்கியது. அங்கே படை முகாம்களில் சமைக்கவும் துணி துவைக்கவும் கக்கூஸ் கழுவவும் ஆள் தேவைப்பட்டது. மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்ட், குவைத்தில் கேன்டீன் வேலை என்று சொல்லி ஆள் சேர்த்தார். குவைத்தில் இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேதான் போகிறோம் என்று சிலருக்கு முன்பே தெரியும். சிலருக்கு பஸ் நின்ற பிறகுதான் தெரிந்தது. இந்தச் செய்தி போன் வழியாக ஊருக்கு வந்ததும், ஒரே குரலில் போரை எதிர்த்த ஊர் பலவாக உடைந்தது. டீக்கடை, சலூன், மீன் ஏலக்கூடம், எங்கே போனாலும் இதே பேச்சு.

"அந்த நாட்ட இடிச்சிப் போட்டவனுக்குச் சோறு பொங்கிப் போடப் போனவன் என்னத்துக்கு ஆளு?" என்று ஒருவர் கேட்பார்.

"அவன் துப்பாக்கியா பிடிச்சான்? கரண்டியல்லா பிடிச்சான்! ஒனக்கு வீட்டுல அடுப்பு எரியுது, நீ பேசுவ" என்று இன்னொருவர் எகிறுவார்.

இரண்டிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஒருநாள் காலையில் ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'படையெடுத்தவனுக்குச் சோறு பொங்குகிறவர்கள்' என்று தலைப்பு. கீழே பெயர்கள், தகப்பன் பெயர், வீட்டு அடையாளம். பத்து மணிக்குள் கைகலப்பு. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வி.ஏ.ஓ. போனில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மேடம், ஒட்டுனது பள்ளிவாசல் பக்கத்துப் பய. அடிச்சது கோயில் பக்கத்து ஆளுவ."

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

நம் மாவட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். என்றோ நடந்த ஒரு கலவரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் சமாதானக் குழுவின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும். எந்த ஊரில் எந்த மதத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று போன் நம்பரோடு தயாராக இருக்கும். வரப்புத் தகராறு வந்தாலும், ஒலிபெருக்கித் தகராறு வந்தாலும், நாம் முதலில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். பல தடவை அது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் கை தானாக அதை நோக்கிப் போகிறது. தீயணைப்பு வண்டிக்காரருக்கு எதைப் பார்த்தாலும் தண்ணீர் பீய்ச்சத் தோன்றுவதைப் போல.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டம். டபேதார் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார், நடுவில் என் மேசை. இடதுபக்கம் ஜமாஅத் நிர்வாகிகள், வலதுபக்கம் பங்குப் பேரவை நிர்வாகிகள். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இரு பக்கமும் பார்க்க அழகாகவே இருந்தது. சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க முந்தின நாளே உத்தரவு போட்டிருந்தேன். அதைப் படித்தீர்களா என்று கேட்டால், இல்லை. தாசில்தார் போய் நின்று சுவரொட்டி படிப்பதாவது என்று ஒரு மிதப்பு.

கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தார். தலையில் முக்காடு, முப்பது வயதிருக்கும். நோட்டீஸ் யாரும் கொடுக்கவில்லை, கேள்விப்பட்டு அவராக வந்திருக்கிறார். வாசலில் நின்று இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், எனக்க பேரு ஜமீலா. எனக்க மாப்பிளைக்க பேரும் அந்தத் தாள்ல உண்டு. நான் எந்தப் பக்கம் இருக்கணும்?"

எனக்குக் கடிகாரத்தில்தான் கண். பன்னிரண்டு மணிக்குக் கோட்டாட்சியர் போன் செய்வார். "அதுல என்ன சந்தேகம்? அங்க போய் இரும்மா" என்று இடதுபக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் யாரும் அவருக்கு இடம் விடவில்லை. வலதுபக்கத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட்டம் முடியும்வரை அவர் கதவோரமாக நின்றுகொண்டே இருந்தார். அந்த அறையில் அவரைத் தவிர இன்னொரு பெண் நான் மட்டும்தான். நானும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஒரு மணி நேரத்தில் சமாதானம் செய்து வைத்தேன். தாள் ஒட்டிய நஸீர் என்ற இளைஞன் மன்னிப்புக் கடிதம் கொடுத்தான். மண்டையை உடைத்தவர்கள் மருத்துவச் செலவை ஏற்றார்கள். இவற்றோடு நானே யோசித்து ஒரு வாசகத்தையும் சேர்த்தேன்: 'வெளிநாட்டில் பணிபுரிவோர் தொடர்பான விஷயங்களை அந்தந்தச் சமூக நிர்வாகமே கவனித்துக்கொள்ளும். மறு தரப்பினர் தலையிட மாட்டார்கள்.' இரு பக்கமும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். கலெக்டர் ஆய்வுக் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நான் அன்று மாலை அலுவலகத்துக்கே டீயோடு பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதங்கள் அமைதியாகப் போயின. பிறகு ஈராக்கில் நிலைமை கெட்டது. முகாம்கள்மேல் குண்டு விழுவதும், வெளிநாட்டு டிரைவர்களைக் கடத்துவதும் தினமும் டிவியில் வந்தது. மேலிடத்திலிருந்து மாவட்டங்களுக்குக் கேட்டார்கள்: உங்கள் பகுதியிலிருந்து அங்கே போய் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் யார் யார், உடனே பட்டியல் அனுப்பவும்.

நான் என் ஒப்பந்தப்படியே நடந்தேன். இரண்டு நிர்வாகத்துக்கும் கடிதம் போட்டேன். பங்குப் பேரவைச் செயலாளர் மரியதாசன் ஆறு பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார். ஜமாஅத்திலிருந்து 'எங்கள் தரப்பில் யாரும் இல்லை' என்று ஒரு வரி வந்தது. நம் துறையில் இதற்கு நில் ரிப்போர்ட், அதாவது இன்மை அறிக்கை, என்று பெயர். உங்களுக்குப் பிடித்த ரிப்போர்ட், எனக்கும் அப்போது பிடிக்கும். ஆறும் பூஜ்யமும் ஆறு என்று கூட்டி அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். வரிசையில் ஜமீலா நின்றார். முன்பு பார்த்ததற்குப் பாதியாகியிருந்தார்.

"மேடம், அவரு போன் பண்ணி பதினெட்டு நாளாச்சு. கடசீல பேசும்போ அடுக்களமேல குண்டு விழுந்துதுன்னு சொன்னாரு. பாஸ்போர்ட்ட ஏஜென்ட்டு வாங்கி வச்சிருக்கானாம். மார்த்தாண்டத்துக்குப் போனேன், ஆபீசு பூட்டிக் கெடக்கு. நீங்க அனுப்புன லிஸ்ட்டுல அவருக்க பேரு இருக்கா?"

நகலை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தேன். அவருடைய கணவர் சாகுலின் பெயர் அதில் இல்லை.

"ஜமாஅத்துல சொல்லலியா?" என்றேன்.

"சொன்னேன். 'நாம மேடையேறி போர எதுத்துப் பேசுனவங்க, நம்ம பய அங்க போயி நிக்கான்னு எழுதிக் குடுக்க முடியுமா? வந்தப்புறம் போலீசு கேசுன்னு அலைவான், பேசாம இரு'ன்னாவ. அவிய கெட்டவிய இல்ல மேடம், பயந்துட்டாவ. கோயில்ல போயி மரியதாசண்ணன்ட்ட கேட்டேன். 'ஒங்க ஆளுவளுக்க காரியத்துல நாங்க தலையிடக் கூடாதுன்னு தாசில்தாரே எழுதி வாங்கியிருக்காவம்மா'ன்னு சொல்லிட்டாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வாசகத்துக்காகத்தான் நான் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

பக்கத்தில் நின்ற துணை தாசில்தார், நல்ல மனிதர், என் காதோடு சொன்னார்: "இந்த ஒரு பேர மட்டும் விடுபட்டதுன்னு சேத்து அனுப்பிருவோம் மேடம். காரணம் எழுதாண்டாம்." நல்ல யோசனைதான். யாருக்கும் தொல்லை வராது. நானும் தலையாட்டப் போனேன். அப்போதுதான் உறைத்தது: வாசலில் வந்து நின்றதால் எனக்கு ஜமீலாவைத் தெரிகிறது. வராதவர்கள்? ஜமாஅத்தின் பூஜ்யம் பொய் என்றால் கோயிலின் ஆறு மட்டும் உண்மையாக இருக்குமா? பங்குத்தந்தை எதிர்த்துப் பேசிய பிறகும் அவருக்குத் தெரியாமல் போனவர்களின் வீட்டார், பேரவையில் வந்து பெயர் கொடுத்திருப்பார்களா?

உடனே கலெக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கலெக்டரின் நேர்முக உதவியாளர் அந்தக் காலத்தில் மாவட்டத்தையே கையில் வைத்திருந்தவர். வறண்ட மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் சொன்னார்: "இறுதிப் பட்டியல் இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஃபேக்ஸ்ல போகுது. அதுக்குள்ள பாஸ்போர்ட் விவரத்தோட கொண்டுவந்தா சேக்கலாம். அப்புறம் வந்தா, அடுத்த பட்டியல் எப்பம்னு எனக்கே தெரியாது."

மணி பன்னிரண்டு. ஐந்து மணி நேரத்தில் வீடுவீடாக எப்படிப் போவது? கதவைத் தட்டி, உங்கள் மகன் அங்கே போயிருக்கிறானா என்று அரசாங்க ஜீப்பில் வந்து கேட்டால் யார் சொல்வார்கள்? வாய்விட்டே புலம்பினேன்: "இந்த ஊருல யாரு யாரு போனாங்கன்னு முழுசா யாருக்குத் தெரியும்?"

ஜமீலா அமைதியாகச் சொன்னார்: "முழு லிஸ்ட்டும் செவுத்துல இருந்துதுல்லா மேடம். நீங்கதான் கிழிக்கச் சொன்னிய."

அந்த அறையில் இருந்த ஒருவரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. அதற்கு இன்றும் நன்றி.

ஜமீலாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம். நஸீர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஜீப்பைக் கண்டதும் எழுந்து நின்று, ஷட்டரை இறக்கலாமா என்று ஒரு கையை மேலே கொண்டுபோனான். பிறகு ஜமீலா இறங்குவதைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டான்.

"மைனி, நீங்க எங்க இதுல?" என்றான்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவன் அவருடைய கொழுந்தன். சாகுலின் சொந்தத் தம்பி.

"நீ எழுதுன லிஸ்ட்டு வேணும்" என்றேன்.

"எதுக்கு? மன்னிப்புக் கடிதந்தான் வாங்கியாச்சே. இனி கேசும் போடணுமா?"

"கேசு இல்லப்பா. அவங்கள வீட்டுக்குக் கொண்டுவர."

நம்பாமல் ஜமீலாவைப் பார்த்தான். "குடு மக்கா" என்றார் அவர். அவன் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். அதில் வீணான ஜெராக்ஸ் தாள்கள். கோணலாக விழுந்தவை, மை மங்கியவை. எல்லா ஜெராக்ஸ் கடைக்காரர்களையும் போல அவனும் அவற்றின் முதுகில்தான் எழுதிப் பழகுவான். ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். 'போரை நிறுத்து' என்று பட்டையான எழுத்தில் இருந்தது. திருப்பினால் ஒரு பாஸ்போர்ட்டின் நகல். புகைப்படம், பெயர், எண், எல்லாம். மார்த்தாண்டம் ஏஜென்ட்டிடம் கொடுக்க அத்தனை பேரும் பாஸ்போர்ட்டை நகலெடுத்தது அவன் கடையில்தான். அப்படித்தான் அவனுக்கு எல்லோர் பெயரும் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கத்து ஆள் என்று பார்த்து அவன் எழுதவில்லை. போனவர்கள் அத்தனை பேரையும் எழுதியிருக்கிறான்.

மூவரும் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தோம். கைக்குக் கை மாறி மாறி பதினான்கு முகங்கள் சேர்ந்தன. எட்டு கோயில் பக்கம், ஆறு பள்ளிவாசல் பக்கம். மரியதாசனின் பட்டியலில் இரண்டு பேர் விடுபட்டிருந்தார்கள். ஒரு தாளை மட்டும் நஸீர் பெட்டியில் தேடவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்தான். நாலாக மடித்து வைத்திருந்தான். சாகுலுடையது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சொந்த அண்ணன் பேரையே செவுத்துல ஒட்டுனியே, எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மொதப் பேரே அவனுக்கதான் மேடம். நீங்க வாசிக்கலியா? மத்தவனுவளுக்க பேர எழுதிட்டு எனக்க அண்ணனுக்க பேர விட்டா நான் மனுசனா? அவன் செஞ்சது தப்பு. இப்பமும் சொல்லுகேன், தப்பு. அதுக்காவ அவன் சாவணும்னு நான் சொல்லல." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே மடியில் பலகையை வைத்து அறிக்கை எழுதினேன். மார்த்தாண்டம் வழியாக வரும் லாரிகள் எல்லாம் அன்றைக்கென்று என் முன்னால் ஊர்ந்தன. இரணியல் பக்கம் வந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. 'முந்தைய அறிக்கை தவறானது. உரிய விசாரணை செய்யாமல், இரு நிர்வாகங்களின் கடிதங்களை மட்டும் நம்பி அனுப்பியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நேர்முக உதவியாளர் அறைக்குள் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி வரிய எடுத்துடுங்க. 'கூடுதல் தகவல் கிடைத்ததால்'னு போட்டாப் போதும். இப்படி அனுப்பினா மெமோ வரும், தெரியும்ல?"

"கூடுதல் தகவல்னு போட்டா, பழைய லிஸ்ட்டு சரி, இது சும்மா பின்னால சேத்ததுன்னு மேல நெனைப்பாங்க சார். முதல் ஆறு பேரத் தேடிட்டு மிச்சத்த அப்புறம் பாப்பாங்க. பழசு தப்புன்னு எழுதினாத்தான் இத எடுப்பாங்க. மெமோ வரட்டும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு தானே ஃபேக்ஸ் மெஷினுக்கு நடந்தார். அந்த மனிதர் சொந்தக் கையால் ஃபேக்ஸ் அனுப்பியதை அந்த அலுவலகத்தில் அதற்கு முன்பு யாரும் கண்டதில்லையாம். அனுப்பி முடித்து ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் அமெரிக்க ஜனாதிபதியை நஸீர் கண்டபடி திட்டியிருந்தான். "நல்ல கையெழுத்து" என்றார், சிரிக்காமல்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், ஏற்கவில்லை. கண்டனம் என்ற தண்டனை பதிவேட்டில் ஏறியது. அதற்காக ஒருநாளும் நான் தூக்கம் கெட்டதில்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் இரண்டு மாதத்துக்குள் குவைத் வழியாக ஊர் திரும்பினார்கள். ஒருவர் பெட்டியில் வந்தார். மரியதாசனின் பட்டியலில் விடுபட்டிருந்த இருவரில் ஒருவர், இருபத்துநாலு வயது. நான் முதலிலேயே சரியான பட்டியலை அனுப்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியவில்லை. குண்டு விழுந்த தேதியைக் கேட்டு எழுதலாம் என்று பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் இன்னொரு கூட்டம் கூட்டினேன். இந்தத் தடவை நிர்வாகங்களுக்குக் கடிதம் இல்லை. போனவர்களின் வீட்டார், போகக் கூடாது என்று சொன்னவர்கள், விருப்பமுள்ளவர் யாரும் வரலாம் என்று ஏலக்கூடத்தில் அறிவிப்பு. என்ன சத்தம் என்கிறீர்கள்! ஆனால் நான் நினைத்த இடத்தில் ஒரு சண்டையும் இல்லை. பங்குத்தந்தையோடு மரியதாசன் மோதினார். ஜமாஅத் தலைவரோடு அவருடைய மகனே எழுந்து நின்று வாதாடினான். முகாமில் அண்ணனை வைத்திருந்த மீனவர் ஒருவரும், முகாமில் மகனை வைத்திருந்த துணிக்கடைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கட்சி பேசினார்கள். மூன்று மணி நேரம் நடந்தது. அந்தப் போரைப் பற்றி ஒருவர் மனதையும் இன்னொருவர் மாற்றவில்லை. பழைய வாசகத்தை ரத்து செய்ததைத் தவிர நான் ஒரு தீர்மானமும் எழுதவில்லை. யார்மேலும் ஒரு கை விழவில்லை.

என் அனுபவத்தில் உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். உலகத்தின் எந்த மூலையில் போர் நடந்தாலும் நம் ஊரில் அதைப் பற்றிப் பேசுவார்கள், கத்துவார்கள், சுவரில் ஒட்டுவார்கள். அதை முடித்துவைக்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை எனக்கும் இல்லை. கைகலப்பு வராமல் பாருங்கள், வந்தால் வழக்குப் போடுங்கள். ஆனால் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லாதீர்கள். சுவரில் ஒட்டியதைக் கிழிக்கும் முன் ஒருதடவை படியுங்கள். உங்களைத் தலைகுனிய வைக்கிற அறிக்கையாக இருந்தாலும் ஐந்து மணிக்குள் அனுப்புங்கள். சரி, உபதேசம் போதும்.

சாகுல் வந்து மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை ஆய்வுக்காக அந்த ஊருக்குப் போனேன். ஜமீலா பார்த்துவிட்டு, டீ குடிக்காமல் போகக் கூடாது என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீ போனது தப்புதான்! அவன் அந்த நாட்ட நாசமாக்குனான், நீ அவனுக்கு முட்ட பொரிச்சிக் குடுத்த!"

"ஏலே, அங்க ரோட்டுல நின்ன பிள்ளையளுக்கு அந்த முட்டய எடுத்துக் குடுத்ததும் நான்தாம்லே! ஜெராக்ஸ் கடையில இருந்துட்டு ஒனக்கு என்னலே தெரியும்?"

என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்து மரியாதையாக நின்றார்கள். நான் உட்கார்ந்து பாதி டீ குடிப்பதற்குள் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பழக்கதோஷம். "என்னம்மா, தினமும் இப்படித்தானா? நான் வேணும்னா ரெண்டு பேர்ட்டயும் பேசட்டா?" என்று ஜமீலாவிடம் கேட்டேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாம் மேடம். சண்ட போடட்டும். ரெண்டு பேருக்க சத்தமும் வீட்டுக்குள்ள கேக்குதுல்லா."